மூன்றாம் நம்பர் லென்ஸ்

எட்மண்டைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆனாலும் நான்தான் சொல்லியாக வேண்டும். அவன் தானாகச் சொல்ல மாட்டான். அவன் மனைவி ஹில்டாவோ என் கடை வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகிறவள்.

என் பெயர் பக்தவத்சலம். கரையான்சாவடி மெயின் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் பக்தா ஸ்டூடியோ என்னுடையது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் எடுத்திருக்கிறேன். படம் எடுப்பதைவிட இருட்டறை வேலையில்தான் எனக்குக் கர்வம் அதிகம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை ஒழுங்காக ஃபிலிம் கழுவத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது.

எண்பத்தைந்து ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் எட்மண்ட் முதல்முறையாகக் கடைக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், கருவிப் பிரிவில் ஃபிட்டர். சொந்த ஊர் தூத்துக்குடி. குவார்ட்டர்ஸில் இரண்டாம் மாடியில் வீடு. ஹில்டா பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளை அழைத்துப் போக வந்தவன் என் போர்டைப் பார்த்து உள்ளே நுழைந்திருக்கிறான்.

அவன் கொடுத்த ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டேன். முப்பத்தாறு படமும் ஒரே கறுப்பு. ஒவ்வொன்றிலும் வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் கோடுகள். கை ஆடிவிட்டது, இனிமேல் ஸ்டாண்டு வைத்து எடு என்று நான் புத்தி சொன்னேன். அவன் கோபப்படாமல் கேட்டுக்கொண்டான். ஸ்டாண்டு வைத்துத்தான் எடுத்தானாம். அவை நட்சத்திரங்கள். ஷட்டரை ஒரு நிமிஷம் திறந்து வைத்தால், அதற்குள் பூமி திரும்பிவிடுவதால் புள்ளி கோடாகிவிடுகிறது என்று விளக்கினான். பத்து வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் போனதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அவனோடு ஒட்டிக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் ஹாலி வால்நட்சத்திரம் வரப்போகிறது என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. அதைக் கோடு விழாமல், வாலோடு, ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவைக்கு நாம் ரெண்டு பேருமே இருக்க மாட்டோம், அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு என்னவோ அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அதற்கு ஒரு தாங்கி செய்து வைத்திருந்தான். இரண்டு தேக்குப் பலகை, ஒரு பக்கம் பித்தளைக் கீல், மறுபக்கம் ஒரு திருகாணி. கீலைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் சரியாகத் திருப்பி வைத்து, திருகாணியை நிமிஷத்துக்கு ஒரு சுற்று கையால் திருகிக்கொண்டே இருந்தால், மேல் பலகை பூமி திரும்பும் வேகத்துக்கு எதிர்ப்பக்கம் நகரும். அதன்மேல் கேமராவை வைத்தால் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். முழுவதையும் ஒரு ரெக்ஸின் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவான். நூம்பல் பக்கம் அப்போது வீடுகள் அதிகமில்லை, தெருவிளக்கும் கிடையாது. படத்தை அங்கே போய் எடுப்பது என்று திட்டம்.

பலகை தயார். அதன்மேல் கேமராவோடு சேர்த்து எந்தத் தொலைநோக்கியை வைப்பது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். பெரியதாக வாங்கினால் நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பலகை எவ்வளவு கனம் தாங்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும், அதற்கு ஏற்றாற்போல் குழாய். குழாய் குட்டையாக இருக்க வேண்டும், லேசாக இருக்க வேண்டும், ஆனால் கண்ணாடி நல்லதாக இருக்க வேண்டும். குட்டைக் குழாயில் மட்டமான லென்ஸைப் போட்டால் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு விளிம்பு கட்டும். கண்ணால் பார்க்கும்போது அந்த ஊதாவை நாம் பெரிதாகக் கவனிக்க மாட்டோம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் அதை விடாது, புகை போலப் பதிந்து வைத்துக்கொள்ளும் என்றான்.

முதல் நம்பர், ஹில்டாவின் பள்ளிக்கூட லேபில் இரவல் வாங்கியது. பத்து வயதுப் பிள்ளை உயரத்துக்கு நீளக் குழாய். படம் சுத்தமாகத்தான் இருந்தது, ஆனால் பலகையில் ஏற்றினால் தெருவில் லாரி போனாலும் ஆடியது. இரண்டாம் நம்பர், பர்மா பஜாரில் அவன் வாங்கி வந்த குட்டையான ஜப்பான் சரக்கு. பலகையில் அழகாக உட்கார்ந்தது. ஊதா மட்டும் தாராளமாக இருந்தது.

மூன்றாவதை வாங்கியபோது நான் கூட இருந்தேன். இந்த ஒரு வரியை அன்றைக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லியிருந்தால் போதும்.

அந்த வருஷம் மே மாதத்தில்தான் மூர் மார்க்கெட் எரிந்து போனது. தப்பிய சாமான்களை வியாபாரிகள் சென்ட்ரல் பக்கத்து நடைபாதையில் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ பேப்பர் வாங்க நான் கிளம்பினேன், அவனும் கூட வந்தான். ஒரு கிழவர் முன்னால் கரி பிடித்த பூட்டு, மணி, பைனாகுலர் ஓடு இவற்றுக்கு நடுவில் கைக்கடக்கமான ஒரு லென்ஸ் கிடந்தது. பித்தளை வளையம் நெருப்பில் கறுத்திருந்தது. எட்மண்ட் கைக்குட்டையால் துடைத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்து, தரையில் விழுந்த வெளிச்சப் புள்ளியையே கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டு கண்ணாடி ஒட்டிய லென்ஸ், பழைய ராணுவச் சாமான், இந்த மாதிரி ஒன்றை இனிமேல் யாரும் நமக்குத் தர மாட்டார்கள் என்று காதோடு சொன்னான்.

வளையத்தை இன்னும் துடைத்தபோது ஒரு சின்ன அம்பு முத்திரையும் ஏதோ எண்ணும் தெரிந்தன. அவன் முகம் மாறிவிட்டது. தொழிற்சாலை ஸ்டோரில் இருக்கும் சாமான்களிலும், சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளமாக, இதே அம்பு உண்டாம். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். கிழவரோ, வெள்ளைக்காரன் காலத்தில் ஏலம் போட்ட சரக்கு, எங்கப்பா கடையில் நாற்பது வருஷமாகக் கிடந்தது என்றார். நான்தான் எட்மண்டின் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"அம்பு இருந்தா இன்னா, வில்லு இருந்தா இன்னா? கண்ணாடி நல்லா கீதா இல்லியா, அத்த சொல்லு."

பேரம் பேசி முடித்ததும் நான்தான். அவன் கிழவரிடம் பில் கேட்டான். கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். நடைபாதையில் பில் கேட்ட முதல் ஆள் நீதான் என்று வழியெல்லாம் கிண்டல் பண்ணினேன். அவன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தன் நோட்டில் தேதி, இடம், கூட வந்தவர் பக்தவத்சலம் என்று எழுதி வைத்துக்கொண்டான். என்ன வேலை செய்தாலும் எழுதி வைப்பது கருவிப் பிரிவுக்காரர்களின் பழக்கம்.

இனி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தான். வெளிச்சமான வானத்துக்கு எதிரே, தொலைவில், கூர்மையான விளிம்புள்ள கறுப்பான ஏதாவது ஒன்று வேண்டும். அதைப் படமெடுத்துப் பெரிதாக்கினால் எந்த லென்ஸ் விளிம்பை மங்கலாக்குகிறது என்று தெரிந்துவிடும். ஆவடியோ தட்டையான ஊர். மாதா கோயில் கோபுரம் வெள்ளை, அதனால் உதவாது. மிச்சமிருந்தது தண்ணீர்த் தொட்டி. உயரமான கான்கிரீட் கால்கள்மேல், தார் பூசிய கறுப்புத் தொட்டி. பக்கவாட்டில் இரும்பு ஏணி. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

அந்தத் தொட்டி தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே நின்றது.

இவ்வளவு ஜாக்கிரதையான ஆளுக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் புரிகிறது. பதினைந்து வருஷமாக அவன் பல் விளக்கும்போது பார்க்கிற தொட்டி அது. குவார்ட்டர்ஸ் பெண்கள் அதன் நிழலைப் பார்த்து மணி சொல்வார்கள். மதில் முழுக்கப் படமெடுக்கத் தடை என்று எழுதியிருந்தது, அதற்குள் தினமும் போய் வருகிறவன் அந்த எழுத்தை எதற்குப் படிக்கிறான்? அவன் கண்ணில் இருந்தது தொட்டியின் விளிம்பு மட்டும்தான். ஒரு ஞாயிறு காலையில், பூசை முடிந்து வந்து, பட்டப்பகலில், துணி காயப்போட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவதை மட்டும் ஒரு அட்டைக் குழாயில் செருகிக்கொண்டு, மூன்று லென்ஸிலும் ஒவ்வொரு படம் எடுத்தான்.

நெகட்டிவைக் கழுவி, மூன்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி ஈரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். சந்தேகத்துக்கே இடமில்லை. முதல் நம்பரில் படம் ஆடியிருந்தது. இரண்டாம் நம்பரில் தொட்டியைச் சுற்றிப் பஞ்சு கட்டினது போல ஒரு மங்கல். மூன்றாம் நம்பரில் ஏணிப் படிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. இருபத்திரண்டு. எட்மண்ட் இரண்டு முறை எண்ணிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். மூன்றாம் நம்பரே இருக்கட்டும், இதற்கு ஒரு அலுமினியக் குழாய் கடைந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டூடியோக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு, நல்ல படம் கையில் கிடைத்தால் ஷோகேஸில் வைக்காமல் தூக்கம் வராது. அந்த நெகட்டிவைப் பன்னிரண்டுக்குப் பதினைந்து அளவில் பெரிதாக்கினேன். நடுவில் ஒரு கல்யாணப் பெண், இந்தப் பக்கம் என் இரண்டு பெண்களும் பட்டுப்பாவாடையில், அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. கீழே ஒரு அட்டையில், ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படம், ஏணிப் படிகளை எண்ணிப் பாருங்கள் என்று எழுதி வைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சாலையைக் கடந்து வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணினார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து உள்ளுக்குள் பூரித்துப் போனேன்.

எட்மண்ட் அந்த மாதம் முழுக்க ஓவர்டைம் பார்த்ததால் இந்தப் பக்கம் வரவில்லை. ஹில்டா பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த நாளே இறங்கி வந்தாள். வெளியில் நின்று படத்தை நெடுநேரம் பார்த்தாள், பிறகு உள்ளே வந்து, அது எங்களுக்கு வேண்டாத வம்பு அண்ணே, எடுத்துவிடுங்கள் என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படமெடுக்க வருகிற நேரம், அந்தக் கூட்டம் முடியட்டும், எடுத்துவிடுகிறேன் என்றேன். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எடுக்கவில்லை.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி ஒருவர் வந்தார். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய தலைமுடி, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. உள்ளே வராமல் ஷோகேஸ் முன்னால் நின்றார். உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து பக்கத்தில் நின்றேன். படம் யாருடைய கைவேலை என்று கேட்டார். கழுவினது நான், எடுத்தது நம்ம எட்மண்ட், ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர், குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்தே எடுத்தது என்று, கேட்காததையும் சேர்த்து, மூச்சு விடாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இன்னும் எண்ணினார்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

"இல்ல சார், கரெக்டா இருபத்திரெண்டு. இன்னொரு தபா எண்ணுங்கோ."

"நான் படிய எண்ணல."

அவர் விரல் கண்ணாடிமேல் கீழே இறங்கியது. தொட்டிக் கால்களுக்கு இடையில், மதிலுக்கு மேலாக, முற்றம் தெரிந்தது. அதில் தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. இத்தனை நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. படத்தில் அந்த மூலை இருட்டாக விழுந்ததால், கொஞ்சம் வெளிச்சம் கொடுத்து அதைத் தெளிவாக்கியதும் நான்தான்.

அவர் பெயர் சண்முகசுந்தரம். அந்தத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. அதட்டவே இல்லை. படத்தையும் நெகட்டிவையும் என் ரசீது நோட்டையும் ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸ் அன்று காலையில் எட்மண்ட் வீட்டைச் சோதனை போட்டார்கள். பலகை, மூன்று லென்ஸ், நோட்டு எல்லாம் போயிற்று. அவன் சஸ்பென்ஷனில் வைக்கப்பட்டான்.

தை மாதம் பூராவும் நான் ஜீப் சத்தம் கேட்டால் இருட்டறைக்குள் போய் நின்றேன். எட்மண்ட் ஒரே ஒரு முறை வந்தான். ஷேவ் செய்யாத முகம். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. யூனியன்காரர்கள் சொன்னதைச் சொன்னான். படம் எடுத்ததற்கு ஒரு இன்கிரிமென்ட் போகும், அதிகம் போனால் இரண்டு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூட அந்த முற்றத்தைத் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் லென்ஸ் வேறு விஷயம். அதில் அம்பு முத்திரை இருக்கிறது, எண் பாதி கருகியிருக்கிறது, அது ஸ்டோரிலிருந்து திருடியது என்கிறார்கள். திருட்டு என்று முடிவானால் வேலை போய்விடும், வீடு போய்விடும். நடைபாதைக் கிழவரைத் தேடிப் போனானாம், அந்த இடத்தில் இப்போது சாக்கும் இல்லை, ஆளும் இல்லை.

"நீங்க கூட வந்தத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க வாங்குனோம், யாருகிட்ட வாங்குனோம். அது போதும் எனக்கு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டாயம் சொல்கிறேன், இதைச் சொல்ல மாட்டேனா என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் சண்முகசுந்தரம் மறுபடி வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், நிதானமாகக் குடித்தார். எட்மண்டின் நோட்டில் என் பெயர் இருப்பதாகச் சொன்னார். கூடப் போயிருந்தால் நானும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டி வரும், படத்தைக் கழுவியவனும் லென்ஸ் வாங்கப் போனவனும் ஒரே ஆள் என்றால் விஷயம் போலீஸுக்குப் போகும், போகவில்லை என்றால் நான் வெறும் ஸ்டூடியோக்காரன், என்னை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை என்றார். எல்லாம் எனக்கு நல்லது சொல்கிற தொனியில். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஷோகேஸைப் பார்த்தார்.

"பட்டுப்பாவாடை போட்டிருக்கே, ரெண்டும் உங்க பொண்ணுங்களா?"

ஆமாம் என்றேன். நல்ல லட்சணம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி என் மனைவி பார்வதத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீதானேய்யா அவனைப் பிடித்து உட்கார வைத்து வாங்கவைத்தாய், போய் உள்ளதைச் சொல் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெண்கள் படுத்திருந்த பக்கம் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு உனுக்கு ஊர் வம்பு? பொண்ணுங்க கீதுங்க ஊட்ல. நெனப்பு வச்சிக்கோ" என்றாள்.

அவள்மேல் பழியைப் போட மாட்டேன். அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

விசாரணை அறையில் நீளமான ஒரு மேஜை. நடுவில் வெள்ளைத்தாள் விரித்து அதன்மேல் லென்ஸ், வளையத்தில் அடையாளச் சீட்டுக் கட்டியிருந்தது. எதிர் பெஞ்சில் எட்மண்ட், கிறிஸ்துமஸுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஹில்டா வெளியே வராந்தாவில் நின்றாள். நான் உள்ளே போனபோது எனக்கு வணக்கம் சொன்னாள்.

விசாரணை அதிகாரி கேட்டார். சென்ட்ரலுக்கு அவனோடு போனேன், நான் போட்டோ பேப்பர் கடைக்குப் போய்விட்டேன், அவன் எங்கே போனான் என்று தெரியாது என்றேன். இந்த லென்ஸை அவன் வாங்கியதைப் பார்த்தீர்களா? இல்லை. வேறு ஏதாவது தெரியுமா? தெரியாது. என் குரல் தடுமாறும் என்று பயந்திருந்தேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. எழுத்தர் டைப் அடித்து முடித்து, சட்டப்படி எட்மண்டின் காதில் விழும்படி சத்தமாகப் படித்துக் காட்டினார். கடைசி வரி இப்படி இருந்தது: மேற்படி லென்ஸைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

சாட்சியைக் குறுக்கே ஏதாவது கேட்க வேண்டுமா என்று எட்மண்டிடம் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். அம்பு முத்திரை, பேரம், பஸ்ஸில் செய்த கிண்டல், எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். கேட்க ஒன்றும் இல்லை என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது ஹில்டா என்ன ஆயிற்று என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச்சில் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, படமெடுக்கப் போகிறோம் என்று நாங்கள் பார்த்து வைத்திருந்த அதே நூம்பலில் ஓட்டு வீடு ஒன்றில் குடியேறினார்கள். ஏப்ரலில் விடியற்காலையில் வால்நட்சத்திரம் தெரிகிறது என்று தெருவே மாடி ஏறியது. பார்வதம் என்னையும் எழுப்பினாள். கண் வலிக்கிறது என்று சொல்லிப் புரண்டு படுத்துக்கொண்டேன்.

எட்மண்ட் பிறகு குமணன்சாவடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃப்ரேமுக்கு லென்ஸ் உரசிப் பொருத்துகிற வேலையில் சேர்ந்தான். என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பதினோரு வருஷம் நான் அந்தப் பக்கம் நடந்து போகவில்லை. பஸ்ஸில் போனால் அந்தக் கடை கண்ணில் படாதபடி வலதுபக்கச் சீட்டில் உட்காருவேன். எனக்கு வெள்ளெழுத்து வந்தபோது கண்ணாடி போட அம்பத்தூருக்குப் போனேன். ஷோகேஸில் என் பெண்கள் படத்தை எடுத்துவிட்டு சாமி படம் வைத்தேன். பெரியவளுக்குக் கல்யாணமாகி, சின்னவள் கல்லூரிக்குப் போய், ஒன்றும் எங்களுக்கு ஆகவில்லை. சண்முகசுந்தரம் சொன்ன சொல் தவறவில்லை.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் மறுபடி ஒரு வால்நட்சத்திரம் வந்தது. சூரியன் மறைந்ததும் வடமேற்கில் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் ஊரெல்லாம் கலர் லேப் வந்து, கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கையால் கழுவிப் பெரிதாக்குகிறவன் நிஜமாகவே நான் ஒருத்தன்தான் மிஞ்சியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது எட்மண்ட் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் அதே மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஒரு ரோலை கவுன்டரில் வைத்து, கழுவி, நல்லதாக ஒன்றைப் பெரிது பண்ணித் தர முடியுமா என்று புது வாடிக்கையாளர் கேட்பதுபோலக் கேட்டான். கவரில் பெயர் எழுத எனக்குக் கை வரவில்லை. அவனே வாங்கி எழுதினான்.

அன்று வேறு வேலை எதையும் தொடவில்லை. நட்சத்திரங்கள் புள்ளியாக நின்றன, ஒன்றுகூட கோடாகவில்லை. பலகையை அவனிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், பர்மா பஜார் லென்ஸையும் கொடுத்திருக்கிறார்கள் என்று படத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வால் நீளமாக, அழகாக விழுந்திருந்தது. ஆனால் தலையைச் சுற்றியும், ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும், அந்தப் பழைய பஞ்சு மங்கல். என்னாலான வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். அது போகவில்லை.

சாயங்காலம் அவன் வந்தான். பிரிண்டை விளக்குக்கு அடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். நான் எத்தனையோ வருஷமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வந்தது என்னவோ வேறு வார்த்தை.

"அந்த மூணாம் நம்பரு மட்டும் இருந்துதுன்னா, இந்தப் புகை உழுந்திருக்காது எட்மண்டு" என்றேன்.

அவன் படத்தைப் பழுப்புக் கவரில் போட்டு, ஓரத்தை விரலால் நீவி மடித்தான். கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை. எழுத்தர் படித்த அதே நிதானத்தில், ஒரு எழுத்து பிசகாமல், மெதுவாகச் சொன்னான்:

"மேற்படி லென்ஸைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது."

பிறகு கவரை ரெக்ஸின் பையில் வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து, நூம்பல் பஸ்ஸுக்குப் போய் நின்றான்.